ஸ்டோர்ஸில் போய் எப்படிப் பேசுவது? ஆடிட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஆர்டிகிள்ஷிப் (சிஏ படிப்பவர்கள் ஆடிட் ஆபீஸில் செய்யும் பயிற்சி) சேர்ந்த முதல் சில மாதங்கள் வவுச்சர் டிக் அடிப்பதிலேயே ஓடிவிடும். பில் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, ஜிஎஸ்டி சரியாகப் போட்டிருக்கிறார்களா, அவ்வளவுதான். சிக்கல் ஆரம்பிப்பது, "ஸ்டோர்ஸ்ல போய் பேசிட்டு வா, சரக்கு எப்படி உள்ள வருதுன்னு கேட்டு எழுது" என்று சீனியர் அனுப்பும் அன்றைக்கு. பையனோ பெண்ணோ கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, நோட்டில் நாலு வரி காட்டுவார்கள்: ஆர்டர் போடுவார்கள், சரக்கு வரும், சரிபார்ப்பார்கள், ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீது) போடுவார்கள். இதை எழுத ஸ்டோர்ஸுக்கே போயிருக்க வேண்டியதில்லை, போன வருஷ ஃபைலில் இதே நாலு வரி இருக்கும்.

ஆளிடம் பேசித் தகவல் வாங்குவது ஆடிட்டில் பாதி வேலை. ஆனால் அதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை, பரீட்சையிலும் வராது. கீழே இருப்பதெல்லாம் கோவை, திருப்பூர் பக்கத்து ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி ஆடிட்டுகளை மனதில் வைத்து எழுதியது. ஸ்டாட்யூட்டரி (சட்டப்படி கட்டாயமான ஆடிட்), இன்டர்னல் (கம்பெனி தனக்காகச் செய்துகொள்வது) இரண்டுக்கும் பொருந்தும், தொழிற்சாலைக்குள்ளேயே ஐஎஸ்ஓ இன்டர்னல் ஆடிட்டர் வேலை தலையில் விழுந்தவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

போவதற்கு முன்னால்

முதலில் நாள் பாருங்கள். பஞ்சாங்கத்தில் இல்லை, கம்பெனியின் வேலை நாட்காட்டியில். அக்கவுண்ட்ஸ் ஆட்களிடம் பேச வேண்டுமென்றால் 7-ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20 ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் இருக்கும். இந்தத் தேதிகளுக்கு முந்தைய நாள் போய் நின்றால் நல்ல மனிதர்கூட "அப்புறம் பார்க்கலாம் சார்" என்றுதான் சொல்வார், நாம் அவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதி வைப்போம். மில்லில் ஷிஃப்ட் மாறும் நேரம் சூப்பர்வைசரைப் பிடிக்காதீர்கள். திருப்பூரில் கன்டெய்னர் ஏற்றும் நாளில் பேக்கிங் செக்ஷன் பக்கமே போகாதீர்கள். (அன்றைக்குத் தூரத்தில் நின்று பார்ப்பது வேறு விஷயம், நிறையத் தெரியும்.)

அடுத்து, கையில் காகிதம் இல்லாமல் போகாதீர்கள். பர்சேஸ் லெட்ஜரிலிருந்து ஐந்தாறு பில்லை முன்கூட்டியே எடுத்து எண், தேதி, சப்ளையர் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒன்று பெரிய தொகை, ஒன்று மார்ச் கடைசி வாரம், ஒன்று புது சப்ளையர், மற்றவை சும்மா கண்ணில் பட்டவை. கேள்விப் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தயாரிக்கத் தேவையில்லை. நாற்பது கேள்வி இருந்தால் நாற்பதையும் முடிப்பதிலேயே கவனம் போகும், எதிரில் இருப்பவர் சொன்ன முக்கியமான ஒன்று காதில் விழாது. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஐந்தாறைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் போதும், கேள்விகள் பேச்சில் தானாக வரும்.

எங்கே உட்காருவது, யாரை வைத்துக்கொள்வது

அவர் வேலை செய்யும் இடத்தில் பேசுங்கள். ஸ்டோர் கீப்பரை மாடியில் ஏசி ரூமுக்குக் கூப்பிட்டு, எதிரே நீங்கள் இரண்டு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்தால், அவர் கை கட்டிக்கொண்டு "ஆமாங்க சார்" மட்டும்தான் சொல்வார். அவருடைய மேஜையில் என்றால் ரிஜிஸ்டர் அங்கேயே இருக்கும், பின் கார்டு (ஒவ்வொரு சரக்கின் வரவு, செலவு, இருப்பு எழுதும் அட்டை) தொங்கும், நடுவில் யாராவது பேரிங் கேட்டு வருவார்கள், அவர் ஸ்லிப் வாங்காமலேயே எடுத்துக் கொடுப்பார். அந்த ஒன்றைப் பார்ப்பதற்காகவே அங்கே உட்காரலாம்.

மேனேஜர் கூடவே வந்து உட்காருவது அடிக்கடி நடக்கும். சில இடத்தில் அக்கறை, சில இடத்தில் காவல். விரட்ட முடியாது. மரியாதையாக, "சார், உங்ககிட்ட தனியா அரை மணி நேரம் வேணும், சாயங்காலம் வரட்டுங்களா? இப்ப அண்ணன்கிட்ட ரிஜிஸ்டர் மட்டும் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எழுந்து போய்விடுவார். போகாவிட்டால் பேசுங்கள், ஆனால் நோட்டில் "மேனேஜர் முன்னிலையில்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தப் பதில்களுக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதைப் பின்னால் படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

முதல் இரண்டு நிமிடம்

பெயர், எந்த ஆபீஸ், எதைப் பற்றிப் பேச வந்தீர்கள், எவ்வளவு நேரம் ஆகும். இதைத் தெளிவாகச் சொன்னாலே பாதிப் பதற்றம் குறையும். வயதில் மூத்தவர் என்றால் அண்ணா, அக்கா, சார், மேடம், அந்த இடத்தில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. அவர் உங்களைத் தம்பி என்றோ பாப்பா என்றோ கூப்பிட்டால் முகம் சுளிக்காதீர்கள். இருபது வயதில் அது உங்களுக்கு லாபம்: சின்னப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்கிற உற்சாகத்தில் நிறையப் பேசுவார்.

இரண்டு வாக்கியங்களை மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். ஒன்று, "உங்க மேல தப்புக் கண்டுபிடிக்க வரலைங்க." நாளைக்கு ஏதாவது கிடைத்தால் அது பொய்யாகிவிடும், அந்த ஆள் அதற்குப் பிறகு எந்த ஆடிட்டரையும் நம்ப மாட்டார். இன்னொன்று, "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்." அந்த வாக்குறுதியைக் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.

டீ கொடுத்தால் குடியுங்கள். வேண்டாம் என்று முறைப்பாகச் சொல்வது இந்தப் பக்கத்தில் அவமதிப்பு மாதிரிதான் படும். கிளம்பும்போது டி-ஷர்ட் பாக்கெட் கொடுத்தால் அது வேறு கதை, சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்து சீனியரிடம் சொல்லிவிடுங்கள்.

எப்படிக் கேட்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். வழக்கமாக எப்படிச் செய்வீர்கள் என்று கேட்காதீர்கள், கடைசியாக எப்படி நடந்தது என்று கேளுங்கள். "சரக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றால் விதிமுறை பதிலாக வரும். எடை பார்ப்போம், எண்ணிப் பார்ப்போம், தரம் பார்ப்போம், எல்லாம் பார்ப்போம். "கடைசியா எந்தச் சரக்கு வந்துச்சுங்ணா? எத்தனை மணிக்கு? அப்ப நீங்க எங்க இருந்தீங்க? யார் இறக்குனாங்க?" என்று கேட்டால் அவர் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லியாக வேண்டும், நினைவில் விதிமுறை இருக்காது, நடந்தது இருக்கும். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு லாரி வந்தது, ஸ்டோர்ஸ் பூட்டியிருந்தது, வாட்ச்மேன் இறக்கி வைத்தார், காலையில் வந்து பார்த்தேன், எடை பார்க்கவில்லை, பில்லில் இருந்ததைப் போட்டேன். இத்தனையும் தானாக வரும். யாரையும் நீங்கள் குற்றம் சொல்லவில்லை, அவரும் எதையும் ஒப்புக்கொள்வதாக நினைக்கவில்லை.

பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது புதியவர்கள் எல்லோரிடமும் இருக்கும் பழக்கம். "மூணு கொட்டேஷன் வாங்கித்தானே ஆர்டர் போடறீங்க?" இதற்கு இல்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? "இந்த சப்ளையரை எப்படி முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வாயை மூடிக்கொள்வது இதில் கஷ்டமான பகுதி. எதிரில் இருப்பவர் யோசிக்கும் நான்கு விநாடி நமக்கு நான்கு நிமிஷம் மாதிரி இருக்கும், உடனே நாமே உதவிக்குப் போய் "எம்டி சொன்னாருங்களா?" என்று எடுத்துக் கொடுப்போம். அவரும் ஆமாம் என்பார். இப்போது அது அவர் சொன்னதா, நீங்கள் சொன்னதா?

"ஏன்" என்று தொடங்கும் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "ஏன் கையெழுத்து இல்லை?" என்றால் வருவது சமாதானம். "இது எப்படிக் கையெழுத்து இல்லாம போச்சுங்க, அன்னைக்கு யார் இருந்தாங்க?" என்றால் வருவது நடந்த கதை. அதே மாதிரி ஒரு மூச்சில் மூன்று கேள்வி கேட்காதீர்கள், சுலபமான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அவர் தப்பித்துவிடுவார், மற்ற இரண்டும் கேட்கப்பட்டதாக உங்கள் நோட்டில் இருக்கும்.

அப்புறம், தெரியாத வார்த்தை வந்தால் கேட்டுவிடுங்கள். காம்பர் நாய்ல், ஃப்ளாட் ஸ்ட்ரிப், காம்பேக்டிங், பிராசஸ் லாஸ் என்று அவர்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார்கள். தலையாட்டிவிட்டு வந்து கூகுளில் தேடினால் அந்த மில்லில் அதை எப்படி எடை போடுகிறார்கள், எந்தக் குடோனில் வைக்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்பது கிடைக்காது. ஸ்பின்னிங் மில்லில் வேஸ்ட் விற்பனை என்பது சும்மா கழிவு இல்லை, நாய்ல் பஞ்சை (சீவும்போது பிரியும் குட்டை இழை) ஓபன் எண்ட் முறையில் நூல் நூற்கும் மில்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. அதைப் பற்றித் தெரியாத மாதிரி கேட்பதை விட, நிஜமாகவே தெரியாமல் கேட்பது நல்லது.

ஒரு ஜிஆர்என் நடந்த விதம்

பனியன் கம்பெனி ஒன்று. ஆடிட் ஜூனில். கையில் இருக்கும் பட்டியலில் டை கெமிக்கல் பில் ஒன்று, ஜிஆர்என் தேதி மார்ச் 30. கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் இன்வர்ட் ரிஜிஸ்டரில் அதே லாரி ஏப்ரல் 3-ஆம் தேதி காலை 11:20-க்கு உள்ளே வந்திருக்கிறது. இதைப் பார்த்ததும் "சிக்கிட்டான்" என்று மனசு துள்ளும். துள்ளட்டும், முகத்தில் காட்டாதீர்கள்.

"அண்ணா, இந்த ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. இந்தச் சரக்கு வந்த அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்களேன்."

"அது வந்துங்க தம்பி… பில்லு முன்னாடியே மெயில்ல வந்துருச்சுங்க. அக்கவுண்ட்ஸ்ல கூப்பிட்டு, மார்ச்சுலயே போட்டுருங்கன்னு சொன்னாங்க. நானும் போட்டுட்டேன்."

"சரிங்ணா. கூப்பிட்டது போன்லயா, வாட்ஸ்அப்புலயா?"

"போன்லதாங்க."

"இந்த மாதிரி மார்ச் கடைசில இன்னும் எத்தனை போட்டிருப்பீங்க?"

"ஒரு நாலஞ்சு இருக்குமுங்க. எடுத்துத் தரட்டுங்களா?"

இங்கே கவனிக்க வேண்டியது கடைசிக் கேள்வி. "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்ற பதில் சுலபம். எத்தனை என்று கேட்டதால் எண்ணிக்கை வந்தது. இதுவும் ஒருவகையில் பதிலைக் கையில் கொடுப்பதுதானே என்று யாராவது கேட்கலாம். ஒரு தடவை நடந்தது காகிதத்தில் நிரூபணமான பிறகு மட்டும் இப்படிக் கேளுங்கள், அதற்கு முன்னால் கேட்டால் வலை விரிப்பது மாதிரி ஆகிவிடும்.

நாலு நாள் தேதி வித்தியாசத்துக்கு இவ்வளவா என்று தோன்றலாம். மார்ச் 31 ஸ்டாக்கில் வராத சரக்கு சேர்ந்திருக்கும், கொள்முதல் தவறான வருஷத்தில் இருக்கும். ஜிஎஸ்டி சட்டம் 16(2) பிரிவின்படி சரக்கு கைக்கு வந்தால்தான் இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியும், இங்கே மார்ச்சிலேயே எடுத்திருப்பார்கள். ஆகவே ஸ்டோர்ஸிலிருந்து நேராக அக்கவுண்ட்ஸுக்கு ஓடி "நீங்க சொன்னீங்களாமே" என்று கேட்காதீர்கள். முதலில் அந்த நாலைந்தின் லாரி ரசீது, இ-வே பில்லில் இருக்கும் வண்டி எண், தேதி, கேட் ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கணக்கு மென்பொருளான டேலியில் எடிட் லாக் பாருங்கள். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் வசதி 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம், யார் எந்தத் தேதியில் என்ட்ரி போட்டு, எப்போது மாற்றினார்கள் என்பது அதில் நிற்கும். இதெல்லாம் முடிந்த பிறகு அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடம், ஸ்டோர் கீப்பர் பெயரே வராமல், "சார், வருஷக் கடைசில வந்த சரக்குக்கு எப்படி என்ட்ரி போட்டீங்க? இந்த பில்லை வச்சுச் சொல்லுங்க" என்று புதிதாக ஆரம்பியுங்கள். இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்கிறார்களா என்பது தானே தெரிந்துவிடும்.

குறிப்பு எழுதுவது

அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "மார்ச்சுலயே போட்டுருங்கன்னு சொன்னாங்க" என்பதை "நிர்வாகத்தின் அறிவுறுத்தலின்படி முன்தேதியிடப்பட்டது" என்று மாற்றினால் அது உங்கள் முடிவு, அவர் பேச்சு இல்லை. யார், பதவி, எங்கே, எத்தனை மணி, கூட யார் இருந்தார்கள், எந்தக் காகிதம் காட்டினார். உங்கள் சந்தேகத்தை ஓரத்தில் தனியாகக் குறியுங்கள், அதுவும் அவர் கண்ணில் படாத மாதிரி. நோட்டில் பெரிதாகக் கேள்விக்குறி போட்டு வட்டம் போட்டால் அடுத்த பதிலிலிருந்து அவர் உஷார்.

சொல்லாமல் போனில் ரெக்கார்ட் செய்யாதீர்கள். தெரிந்தால் அந்தக் கம்பெனியில் யாரும் உங்களிடம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

முடிக்கும்போது புரிந்துகொண்டதை ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள். "நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்கண்ணா" என்று தொடங்கினால், "இல்ல இல்ல, அப்படி இல்லீங்க" என்று திருத்துவார். பேட்டியில் கிடைக்காத ஒன்று பெரும்பாலும் அந்தத் திருத்தத்தில் கிடைக்கும். பிறகு, "நான் கேட்காம விட்டது ஏதாச்சும் இருக்குங்களா?" அதற்கும் சில நேரம் பதில் வரும். அன்றைக்கு ராத்திரியே டைப் செய்துவிடுங்கள், மறுநாள் உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரியாது.

வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு எடை

எஸ்ஏ (ஆடிட்டர்கள் பின்பற்ற வேண்டிய தணிக்கைத் தரநிலை) 500 இதைத் தெளிவாகச் சொல்கிறது: விசாரித்துக் கேட்டது மட்டும் பொதுவாகப் போதுமான ஆடிட் சான்று ஆகாது. ஸ்டோர் கீப்பர் சொன்னது உங்களை ஒரு ரிஜிஸ்டருக்கு அழைத்துப் போக வேண்டும், ஃபைலில் நிற்க வேண்டியது அந்த ரிஜிஸ்டர்.

ஆடிட்டர் காவல் நாய், வேட்டை நாய் அல்ல என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1896-இல் வந்த கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு அது. அங்கே நடந்தது என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஒரு பஞ்சு மில்லின் மேனேஜர் ஸ்டாக்கைக் கூட்டிக் காட்டிச் சான்று கொடுத்தார், ஆடிட்டர்கள் அவர் வார்த்தையை நம்பி ஏற்றுக்கொண்டார்கள், நீதிமன்றம் அவர்களை விட்டுவிட்டது. இன்றைக்கு அந்தச் சமாதானம் எடுபடாது. ஸ்டாக் பெரிய தொகையாக இருந்தால் எண்ணும் இடத்துக்கே போய் நிற்க வேண்டும் என்கிறது எஸ்ஏ 501. மில் ஆடிட்டுக்குப் போகும்போது அந்த வழக்கைக் காவல் நாய் வசனத்துக்காக நினைப்பதை விட மேனேஜரின் சான்றுக்காக நினைக்கலாம்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடியும் இதே வகைதான், அளவுதான் வேறு. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் இருந்த ரொக்கம், வங்கி இருப்பில் சுமார் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். வங்கி இருப்பு எவ்வளவு என்று கம்பெனியிடம் எவ்வளவு திறமையாகக் கேட்டாலும் பிரயோஜனம் இல்லை, அதை வங்கியிடம் நேரடியாகக் கேட்டு, பதில் நேரடியாக நம் கைக்கு வர வேண்டும்.

முதலாளியிடம் மோசடி பற்றிக் கேட்பது

எஸ்ஏ 240 படி நிர்வாகத்திடம் மோசடி அபாயம் பற்றி விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் உங்கள் ஆடிட் ஆபீஸின் பார்ட்னர்தான் பேசுவார், ஆனால் நீங்கள் கூட இருப்பீர்கள், சின்ன கம்பெனி என்றால் உங்களையே கேட்கச் சொல்லிவிடவும் செய்வார்கள். முப்பது வருஷமாக மில் நடத்தும் அறுபது வயதுக்காரரிடம் "உங்க கம்பெனில மோசடி நடக்குதுங்களா?" என்று கேட்டால் பேட்டி அங்கேயே முடிந்தது. "இவ்வளவு பெரிய இடத்துல, சரக்கோ பணமோ நழுவ வாய்ப்புள்ள இடம் எதுன்னு நினைக்கறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பொதுவாக முதலாளிகளுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். வேஸ்ட் குடோன், டீசல், ஜாப் ஒர்க்குக்கு (வெளியாளிடம் கூலிக்குச் செய்ய) போன துணி என்று வரிசையாகச் சொல்வார்கள், போன வருஷம் நிறுத்திய ஆளின் கதையும் வரும். அவர் சொல்லாமல் விட்ட இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தன்னுடைய சொந்தச் செலவு கம்பெனிக் கணக்கில் வருவதைப் பற்றி அவரே பேச மாட்டார்.

ஜாப் ஒர்க் என்றதும் ஒன்று: டையிங்குக்கோ பிரிண்டிங்குக்கோ சலானில் போன சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. "எல்லாம் வந்துருமுங்க" என்ற பதிலோடு நிற்காமல், ரொம்பப் பழைய சலான் எது என்று கேளுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

யாரோ பணம் எடுத்திருக்கிறார் என்று வாசனை வந்தால், அந்த ஆளை உட்கார வைத்து ஒப்புக்கொள்ள வைக்கும் வேலை உங்களுடையது இல்லை. பேச்சை இயல்பாக முடித்துவிட்டு, காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு, அன்றைக்கே சீனியரிடம் சொல்லுங்கள். கேன்டீனில் கூட வந்த ஆர்டிகிளிடம்கூடப் பேசாதீர்கள். ஊழியரோ அதிகாரியோ கம்பெனிக்குச் செய்த மோசடி 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ என்றால் கம்பெனிச் சட்டம் 143(12) படி ஸ்டாட்யூட்டரி ஆடிட்டர் மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டியிருக்கும், அந்த முடிவுகளெல்லாம் பார்ட்னர் எடுப்பது. பாதியில் நீங்கள் ஒருவரை மிரட்டி வைத்தால், காலையில் ரிஜிஸ்டர் காணாமல் போயிருக்கும்.

ரிப்போர்ட் எழுதும்போது ஸ்டோர் கீப்பர் சொன்னார் என்று எழுதாதீர்கள். ஜிஆர்என் எண் இது, தேதி மார்ச் 30, கேட் இன்வர்ட் ஏப்ரல் 3, இ-வே பில் தேதி இது, தொகை இவ்வளவு என்று எழுதினால் போதும், யாரும் மறுக்க முடியாது. பேசியவர் பெயர் ஒர்க்கிங் பேப்பரில் (நம் ஆபீஸ் ஃபைலில் வைக்கும் ஆடிட் குறிப்புகளில்) இருக்கட்டும். "யார் சொன்னது?" என்று மேனேஜர் கேட்பார், கட்டாயம் கேட்பார். கேட் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டுங்கள்.